வெளியே பார்த்த குழாய்

அவர் வாயால் 'கோல்' என்று கேட்கப் பொறுமை வேண்டும். பந்து வலைக்குள் போய்விட்டிருக்கும். போட்டவன் துள்ளிக் குதிப்பான். சவுக்குக் கம்பில் கட்டிய கேலரி மொத்தமும் எழுந்து நின்று கத்தும். மைக் பிடித்தவர் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். ரெஃப்ரி விசில் ஊத வேண்டும், நடுமைதானத்தைக் கை காட்ட வேண்டும், பந்தை எடுத்து வந்து நடுவில் வைக்க வேண்டும். அப்புறம்தான் ஏதோ நேற்று நடந்ததைச் சொல்கிற மாதிரி, "கோல். மில் டீம் போட்டது. உறையூர்ப் பக்கத்துக் கோல்ல விழுந்துச்சு. ரெஃப்ரி ஒத்துக்கிட்டாரு" என்பார்.

கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு மொய் எழுத வருகிற ஆள் என்று கேலரியில் அவரைக் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இன்றைக்கு நினைத்தால் அந்தச் சிரிப்பு ஒன்றுதான் அவர் விஷயத்தில் நான் செய்த சின்னத் தப்பு.

திருச்சியிலிருந்து உறையூர் போகும் சாலையில் ஒரு மைதானம் இருந்தது. வருஷா வருஷம் ஆடி பிறந்தால் அதைச் சுற்றிக் கீற்றுத் தட்டி கட்டி, டிக்கெட் போட்டு, புட்பால் லீக் நடத்துவோம். மில் டீம், ரயில்வே டீம், போலீஸ் டீம், இன்னும் இரண்டு மூன்று. ஆட்டக்காரர்களுக்கு அந்தந்த இடத்திலேயே வேலை. சம்பளப் பட்டியலில் ஃபிட்டர் என்றும் கிளார்க் என்றும் இருக்கும், செய்கிற வேலை பந்து உதைப்பது. நான் அந்த லீக் கமிட்டிக்கு ஜாயிண்ட் செகரட்டரி. பேர்தான் பெரிசு. நோட்டீஸ் எழுதுவது, கீற்றுக்காரரைத் தேடிப் போவது, தலைவருக்கு நாற்காலி துடைத்துப் போடுவது, இவ்வளவுதான் உத்தியோகம். தலைவர் ஒரு ரைஸ்மில்காரர்.

மைக் செட், கோலைத் தாமதமாகச் சொல்வாரே, அவருடையது. ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியை ஒட்டிய ஒரு சந்தில் கடை வைத்திருந்தார். மேட்ச் அன்று மத்தியானமே சைக்கிள் கேரியரில் ஆம்ப்ளிஃபயரையும், ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் குழாய்களையும் கட்டிக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டி வருவார். குழாய் என்றால் மரத்தில் கட்டுகிற ஸ்பீக்கர் குழாய், பெரிய ஊமத்தம்பூ மாதிரி இருக்கும். உயரமான ஆள், கொஞ்சம் கூனல், நெற்றியில் ஒற்றைக் கோடாகத் திருமண். வாடகை வாங்க மாட்டார். காபி வாங்கிக் கொடுத்தால் குடிப்பார். ஒரே ஒரு நிபந்தனைதான். மூன்று குழாய் உள்ளே பார்த்துக் கட்டினால் நாலாவது குழாயை வாசல் வேப்பமரத்தில் வெளியே பார்த்துக் கட்டுவார். தட்டிக்கு வெளியே, உறையூர் நெசவாளர் தெருக்களையும் பின்னால் இருந்த சந்துகளையும் பார்த்து.

அதில்தான் தலைவருக்கும் அவருக்கும் வருஷா வருஷம் முட்டிக்கொள்ளும். ஓசியில் கேட்கிறவன் காசு கொடுத்து எதற்கு உள்ளே வருவான் என்பார் தலைவர். கேட்டு ருசி கண்டவன்தான் பார்க்க வருவான் என்பார் இவர். இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிற மாதிரியே எனக்குப் படும். எனக்கு அப்படித்தான், யார் கடைசியாகப் பேசினாலும் அதில் நியாயம் இருக்கிற மாதிரியே படும். கடைசியில் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அந்தக் குழாய் இல்லேன்னா நானும் இல்லீங்க" என்பார். ஓசி மைக் செட்டை விட மனசில்லாமல் தலைவர் அடங்கிவிடுவார்.

ஒரு தடவை நானே கேட்டேன், உள்ளே இத்தனை பேர் இருக்க, வெளியே இருக்கிறவர்களுக்காக ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று. உள்ளே இருக்கிறவர்களுக்குக் கண் இருக்கிறது தம்பி, எனக்கு வேலையே வெளியேதான் என்றார்.

அதனால்தானோ என்னவோ, லெஃப்ட் ரைட் என்ற பேச்சே அவரிடம் கிடையாது. மைதானத்துக்குக் கிழக்கே மலைக்கோட்டை, மேற்கே உறையூர், வடக்கே காவிரி, தெற்கே ஜங்ஷன். பந்து போகிற திசையெல்லாம் இந்த நாலுக்குள்தான். "போலீஸ்ல பேக் ஆடறவரு காவிரிப் பக்கமா தூக்கி அடிக்கிறாரு. ரயில்வேல அந்த ஒல்லியா இருக்கறவரு, மூக்கத் தொடச்சுக்கிட்டே ஓடுவாரே, அவரு எடுத்துட்டாரு. மலைக்கோட்டையப் பாத்து வராரு. ஒருத்தரத் தாண்டிட்டாரு. இன்னொருத்தர் வராரு. விழுந்துட்டாரு. எந்திரிச்சுட்டாரு, அடி ஒண்ணும் இல்ல." அடி இல்லை என்பதைக் கூட அவன் எழுந்து இரண்டடி நடந்த பிறகுதான் சொல்வார். மெட்ராசில் படித்துவிட்டு வந்த எங்கள் கமிட்டி ஆள் ஒருவர், இதென்ன கமெண்டரியா, டவுன் பஸ் கண்டக்டர் ஸ்டாப்பிங் சொல்கிற மாதிரி இருக்கிறதே என்றார்.

அவர் ஆரம்பத்திலிருந்தே இப்படித் தாமதமாகக் கோல் சொன்னவர் இல்லை. ஒரு வருஷம் தூறலில் நடந்த ஆட்டம் அது. ரயில்வேக்காரன் அடித்த பந்து வலையின் வெளிப்பக்கத்தில் பட்டு வலை குலுங்கியது. இவருக்குக் கண்ணில் தண்ணீர், கோல் என்று சொல்லிவிட்டார். உள்ளே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒன்றுமில்லை. வெளியே வெடி போட்டுவிட்டார்கள். நெசவாளர் தெருவில் யாரோ சர்க்கரை கூடக் கொடுத்தார்களாம். மைக்கில் உடனே திருத்திச் சொன்னார். வெடிச் சத்தத்தில் யாருக்குக் கேட்டிருக்கும்? ஆட்டம் முடிந்ததும் செட்டைக்கூட அவிழ்க்காமல் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தெருத் தெருவாக, சந்து சந்தாக நின்று, கும்பலாக இருந்தால் கும்பலிடம், ஒருத்தராக இருந்தால் ஒருத்தரிடம், "அது கோல் இல்லீங்க. என் கண்ணு தப்பு" என்று சொல்லிக்கொண்டே போனார்.

எனக்கு ஒரே எரிச்சல். செட்டுக்குக் காவல் நான்தானே நிற்க வேண்டும்? திரும்பி வந்தவரிடம், நாளைக்கு மைக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதாதா அண்ணே என்றேன்.

"நாளைக்கு வரைக்கும் அது அவங்களுக்குக் கோலாவே இருக்குமே, தம்பி" என்றார்.

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேருக்கு மைக்கும் அவர்தான். தேருக்கு ஜீயபுரம் பக்கத்துக் கிராம ஜனங்கள் எல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடும். காணாமல் போகிறவர்கள் கணக்கில்லை. நான் ஒருமுறை போயிருந்தபோது பந்தலில் ஒரு அம்மாள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். புருஷனைக் கூட்டத்தில் விட்டுவிட்டாள். பேர் என்ன என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். புருஷன் பேரை வாயால் சொல்கிற வழக்கம் இல்லை. சுற்றி நின்றவர்கள், பேர் சொல்லாவிட்டால் ஆள் கிடைக்காது, எது வேணும் உனக்கு என்று கேலியும் அதட்டலுமாகப் பேசினார்கள். இவர் அவர்களைப் போகச் சொல்லிவிட்டு, அந்த அம்மாளிடம் ஆள் எப்படி இருப்பார், எப்படி நடப்பார், என்ன கட்டியிருக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்புறம் மைக்கை எடுத்தார்.

"ஜீயபுரத்திலேருந்து வந்தவரு. காதுல செவப்புக் கடுக்கன். வலது புருவத்துல ஒரு தழும்பு. பச்சக் கரை வேட்டி. கோவம் வந்தா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வேகமா நடப்பாரு, இப்பவும் அப்படித்தான் நடந்துக்கிட்டு இருப்பாரு. ஐயா, உங்க வீட்டம்மா இங்க பந்தல்ல உக்காந்திருக்காங்க. அவங்களுக்கும் கொஞ்சம் கோவம் இருக்கு. அழுதுட்டாங்க. வாங்க."

கால் மணி நேரத்தில் அந்த மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். பந்தலே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான், "சேந்துட்டாங்க" என்று மைக்கில் சொன்னார்.

இப்போதெல்லாம் டி.வி.யில் ஒரு புட்பால் லீக்கைக் காட்டும் உரிமையை இன்ன கம்பெனி எடுத்திருக்கிறது, இன்னார் விட்டுவிட்டார் என்று பேப்பரில் பத்தி பத்தியாகப் போடுகிறார்கள். அதைப் பார்த்தாலே பேப்பரை மடித்து வைத்துவிடுவேன். ஏனென்றால் எங்கள் ஊரில் அந்த மாதிரி ஒரு உரிமையை முதன்முதலில் ஏலத்துக்குக் கொண்டுவந்த புத்திசாலி நான்தான்.

எங்கள் லீக்கில் எல்லாமே ஏலம். சீசனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்தில் கீற்றுப் பந்தல் போட்டுச் சைக்கிள் ஸ்டாண்டை ஏலம் விடுவோம், சோடாக் கடையை விடுவோம், கடலைக் கடையை விடுவோம். கூவுவது அவர்தான். மைக் அவரிடம் இருந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம், அவர் கூவினால் சண்டை வராது. கேட்கிறவர் யார், என்ன கேட்டார் என்று அப்படியே திருப்பிச் சொல்வார், ஒரு சொல் கூட்ட மாட்டார். ஒரு தரம், இரண்டு தரம் சொல்லிவிட்டு ஒரு நிறுத்து நிறுத்துவார் பாருங்கள், மூன்றாவது தரம் வருவதற்குள் நமக்கு மூச்சு முட்டும். ஏன் இப்படி இழுக்கிறீர்கள் என்று தலைவர் சள்ளென்று விழுவார். மூன்று தரம் சொல்லிவிட்டால் ரங்கநாதனே வந்தாலும் மாற்ற முடியாது, யாருக்காவது மனசு மாறுவதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டாமா என்பார்.

அந்த வருஷம் ஒரு பல்பொடிக் கம்பெனி ஏஜெண்டு தலைவரைப் பார்க்க வந்து போய்க்கொண்டிருந்தார். இடைவேளையில் பல்பொடி விளம்பரம் சொல்ல வேண்டும், அதற்கு ஏதாவது கொடுக்கிறோம் என்று பேச்சு. அப்போது நான்தான் சொன்னேன், எவ்வளவு என்று ஏன் நாமாகக் கேட்க வேண்டும், அதையும் ஏலத்தில் சேர்த்துவிட்டால் இரண்டு பேர் போட்டி போட்டு நல்ல தொகையாக வருமே என்று. தலைவர் என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டல் இரண்டு நாள் எனக்கு இனித்தது. ஏல நோட்டீஸில் சைக்கிள் ஸ்டாண்டு, சோடா, கடலை என்று எழுதி, நாலாவதாக 'மைக்' என்று எழுதினேன். மைக் என்றால் என்ன, விளம்பரம் சொல்வதா, ஆட்டத்தைச் சொல்வதா, குழாய் எந்தப் பக்கம் பார்க்கும், ஒன்றும் எழுதவில்லை. எனக்கே தோன்றவில்லை.

அவருக்குத் தோன்றியது. நோட்டீஸை வாங்கிப் படித்துவிட்டு, "பேசறதும் இதுல சேத்தியா தம்பி?" என்று கேட்டார்.

"அதெல்லாம் பேசிப் பாத்துக்கலாம்ண்ணே" என்றேன்.

ஏலத்தன்று மூன்று ஐட்டமும் போய் நாலாவதுக்கு வந்தது. ஏஜெண்டு ஒரு தொகை சொன்னார். பின்வரிசையில் இருந்து ஒரு குரல் அதற்கு மேல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் உறையூர் நெசவாளர்கள் ஏழெட்டுப் பேர். தறியில் உட்கார்ந்தபடி வருஷா வருஷம் ஆட்டத்தைக் கேட்டவர்கள். என் நோட்டீஸின் அர்த்தம் எனக்கு முன்னாலேயே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஏஜெண்டு ஏற்றினார். அவர்கள் தலையைத் தலையைச் சேர்த்துப் பேசிவிட்டு ஏற்றினார்கள். ஏஜெண்டு சிரித்துக்கொண்டே இன்னும் ஏற்றினார். பின்வரிசை அடங்கிவிட்டது.

ஏஜெண்டு எழுந்து, மைக் என்றால் பேசுவதும் சேர்த்துத்தானே, எங்கள் ஆள் மெட்ராசிலிருந்து வருவார், வெளிக்குழாய் வேண்டாம் என்றார். தலைவர், எல்லாம் சேர்த்துத்தான் என்றார். அதையும் இவர் மைக்கில் திருப்பிச் சொன்னார். "பேசறதும் சேத்துத்தானாம். வெளிக்குழாய் கிடையாதாம்."

நெசவாளர்களில் ஒருவர் எழுந்து, "அண்ணே, நீங்களே ஏலம் கேளுங்க, நாங்க பின்னாடி நிக்கறோம்" என்றார்.

"கூவறவன் கேக்கக்கூடாதுங்க" என்றார் இவர். அதுவும் மைக்கில்தான்.

அப்புறம் ஒரு தரம் சொன்னார். இரண்டு தரம் சொன்னார். நிறுத்தினார்.

அந்த நிறுத்தத்தில் அவர் என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை. நான் ஏதோ சொல்லப் போகிறேன், அதைக் கேட்டு ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிற பார்வை. நான் எழுந்து, மைக் என்று எழுதியது விளம்பரத்துக்கு மட்டும்தான், எழுதியவன் நான், எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலைவர் முறைத்திருப்பார், அவ்வளவுதானே? தலையை வாங்கியிருப்பாரா? நான் குனிந்து என் கையில் இருந்த நோட்டீஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானே எழுதிய நாலு வரியை எத்தனை தடவை படிப்பது? படித்துக்கொண்டே இருந்தேன்.

"மூணு தரம்" என்றார்.

மைக்கை அணைத்து மஞ்சள் பையில் போட்டார். கம்பத்தில் கட்டியிருந்த குழாயை அவரே ஏறி அவிழ்த்தார். நான் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். நல்லா பிடிச்சுக்குங்க தம்பி என்றார்.

மெட்ராஸ் ஆள் நன்றாகத்தான் பேசினார். கணீரென்ற குரல். பந்து வலைக்குப் பக்கத்தில் போனாலே கோல் என்று கத்துவார், இல்லாவிட்டால் சிரித்துக்கொண்டே, மயிரிழையில் தப்பியது என்பார். நடுநடுவே பல்பொடி. அவர் செட்டின் நாலு குழாயும் உள்ளே பார்த்தன.

முதல் மேட்ச் முடிந்து நான் வீட்டுக்குப் போனேன். எங்கள் வீடு மைதானத்துக்குப் பின்னால் இரண்டு சந்து தள்ளி, ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒற்றைப் போர்ஷன். கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. என் மனைவி லூர்து லால்குடிப் பக்கத்துப் பெண். இங்கே ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசையில் பார்க்கிற நாலு முகத்தைத் தவிர அவளுக்கு யாரையும் தெரியாது. அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்னங்க, இன்னிக்கு மேட்ச் இல்லியா?"

"இருந்துச்சே. ஏன்?"

"சத்தமே கேக்கலியே."

உனக்கு எதற்கு அந்தச் சத்தம் என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அவள் சொல்ல ஆரம்பித்தாள். மூக்குத் துடைக்கிற ஒல்லி ஆள், மில் டீமில் இடதுகால்காரர், கோபித்துக்கொண்டு வெளியே போய் உட்காருகிற போலீஸ் கோல்கீப்பர், எல்லோரையும் அவளுக்குத் தெரிந்திருந்தது. மேட்ச் நாளில் மத்தியானமே மாவாட்டி வைத்துவிடுவாளாம். இடைவேளையில்தான் தண்ணீர் பிடிக்கப் போவாளாம். குழாயடியில் பெண்கள் எல்லாம் அதைப் பற்றித்தான் பேசுவார்களாம். அந்தத் தூறல் நாளில் குடையோடு வந்து அது கோல் இல்லையம்மா என்று சொல்லிவிட்டுப் போனவரை அவள் இந்த வாசலில் நின்று பார்த்திருக்கிறாள். எனக்கு ஒன்றுமே தெரியாது. ஆட்டம் நடக்கும்போது நான் மைதானத்துக்குள் இருந்தேன். என் வீட்டுக்குள் அந்தக் குரல் எப்படிக் கேட்கும் என்று நான் எப்போது கேட்டிருக்கிறேன்?

"நீங்க குடை விரிக்கறது வரைக்கும் சொல்லுவாரு" என்றாள். "'தூறல் வந்துடுச்சு, செகரட்டரி குடைய விரிச்சுட்டாரு'ன்னு. நான் ஓடிப்போயி கொடித் துணிய எடுப்பேன்."

அன்றைக்கு ராத்திரியே ஏலத்தில் நடந்ததை அவளிடம் சொன்னேன். நோட்டீஸைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் மறைக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே தட்டை எடுத்து வைத்தாள். சாப்பாடு போட்டாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஃபைனல் அன்று மில் டீம் ஜெயித்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள், யார் போட்டார்கள் என்று. இடதுகால்காரர் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

"எந்தப் பக்கம் கோல்?"

"வலது பக்கம்."

"யாருக்கு வலது?"

நான் முன்வரிசையில் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்தவன். யோசித்தேன். மலைக்கோட்டையா, உறையூரா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள், "போயி அவரக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

மறுவாரம் ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். கடையில் ஒரு குழாயைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வாங்க தம்பி என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். காபி வந்தது. கோபமாக நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். அவர் மில் டீம் ஜெயித்தது சந்தோஷம் என்றார், மழை எப்படி என்றார், வீட்டம்மா சௌக்கியமா, மாடிப்படிக்குக் கீழே இருக்கிற போர்ஷன்தானே என்றார். எங்கள் கமிட்டியில் ஒருத்தருக்கும் என் வீடு தெரியாது.

வருகிற வருஷம் நீங்கள்தான் வர வேண்டும் என்றேன். ஏலம் ஒரு வருஷத்துக்குத்தானே என்றேன்.

"அடுத்த வருஷ நோட்டீஸ்ல மைக் இருக்குமா, இருக்காதா? அத மட்டும் சொல்லுங்க தம்பி."

தலைவர் முகம் கண் முன்னால் வந்தது. அந்த ஏலத் தொகையை அவர் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"பேசிப் பாக்கறேன்ண்ணே" என்றேன்.

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "அன்னிக்கும் இதத்தான் சொன்னீங்க" என்றார். அப்புறம் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு, "மூணு தரம்னு சொன்னது நான்தானே. ஜனங்க அதக் காதால கேட்டுட்டாங்க. வேற யாராவது கூவியிருந்தா சண்டை போட்டிருப்பேன்" என்றார்.

கமிட்டியில் பேசினேன். பேசினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். தலைவர் காபி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்த மைக் விஷயம் என்று ஆரம்பித்தேன். அதுக்கென்ன, இந்த வருஷம் இன்னும் கூடப் போகும் என்றார். சரிங்க என்றேன். அடுத்த நோட்டீஸையும் நான்தான் எழுதினேன். நாலாவது ஐட்டம் மைக். தலைவருக்கு ஒரு நெல்மணி அளவு லாபம், எனக்கு ஒரு நாற்காலி. அதற்காக இரண்டு தெருவுக்கும் மூன்று சந்துக்கும் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். இதைப் பங்குச் சாமியாரிடம் செய்கிற எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் நான் சொன்னதில்லை. எந்தக் கட்டளையை மீறினேன் என்று சாமியார் கேட்டால் என்ன சொல்வது?

அவர் கடையை மூடிவிட்டு அரியமங்கலத்தில் மகன் வேலை பார்த்த பட்டறைப் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ஐந்தாறு வருஷம் கழித்து ஒருநாள், சோடாக் கடை ஏலம் எடுத்தவர் பேச்சுவாக்கில் சொன்னார், அவர் காலமாகி மூன்று மாசம் ஆகிறது என்று. தெரிந்திருந்தால் நாலு பேராவது போயிருப்போம். ஊருக்கெல்லாம் சேதி சொன்ன ஆளுக்கு அவர் சேதியைச் சொல்ல யாரும் இல்லை.

லூர்துவிடம் சொன்னேன். அவள் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். அப்புறம், என்னை ஒரு தடவை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நான் அவளை அந்த மைதானத்துக்குக் கூப்பிட்டதே இல்லை. இரண்டு சந்துதான் தூரம்.

அந்த வாரமே போனோம். பெண்கள் யாரும் இல்லாததால் கமிட்டி நாற்காலிப் பக்கம் ஒரு ஓரமாக அவளை உட்கார வைத்தேன். போலீசுக்கும் மில்லுக்கும் ஆட்டம். மைக்கில் யாரோ ஒருவர் பல்பொடியும் கோலுமாகக் கத்திக்கொண்டிருந்தார். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"இவ்வளவுதானா மைதானம்?"

"ஆமா. ஏன்?"

"அவரு சொல்றப்ப ரொம்பப் பெருசா இருந்துச்சுங்க."

அப்போது போலீஸ் பேக் பந்தைத் தூக்கி அடித்தான். நான் அவள் பக்கம் குனிந்து, மெதுவாக, "பந்து காவிரிப் பக்கம் போகுது, லூர்து" என்றேன்.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப எதுக்குச் சொல்றீங்க? நான்தான் பாக்கறேனே" என்றாள். பிறகு பந்தைப் பார்த்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "சொல்ல வேண்டிய அன்னிக்கு நோட்டீஸப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்துட்டீங்க."

இடைவேளை விசில் ஊதியதும் எழுந்து வீட்டுக்கு வந்தோம்.